அவையில் நிமிர்ந்து நிற்றல்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது விதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். முன்பு நான்காக இருந்த கூட்டங்கள் 2022-ஆம் ஆண்டில் ஆறாக உயர்த்தப்பட்டன. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊரின் திட்டத்தையும் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் ஆராய்ந்து ஒப்புதல் தருவது இச்சபையே. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் கொண்ட ஒவ்வொருவரும் இதன் அங்கத்தினர். குடிசையில் வாழ்பவருக்கும் மாடி வீட்டில் வாழ்பவருக்கும் இங்கே உரிமை ஒன்றே.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், சபையில் எழுந்து பேசுவோர் பல ஊர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலராகவே இருக்கின்றனர். களத்துமேட்டில் கணீரென்ற குரலில் பேசும் உழவர், ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தவுடன் தலை கவிழ்கின்றார். மகளிர் குழுவின் கணக்கைப் பைசா பிசகாமல் ஒப்பிக்கும் அம்மையார், அதிகாரிகள் முன்னிலையில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடுகின்றார். அவர்கள் சொல்லாமல் விட்டது பெரும்பாலும் தம் சொந்தக் குறையாக இராது. அது ஒரு தெருவின் குடிநீராக இருக்கும். ஒரு மதகின் பழுதாக இருக்கும். ஒரு சுடுகாட்டுப் பாதையாக இருக்கும். பேசப்படாத குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை. தீர்மானத்தில் ஏறாத குறைக்குப் பணம் ஒதுக்கப்படுவதும் அரிது. ஆதலின் ஒருவர் அஞ்சி அமர்வதால் வரும் நட்டம் அவர் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை.

இவ்வச்சத்தில் உடலுக்கு எத்துணைப் பங்கு உண்டு? உடலின் நிலையை மாற்றினால் மனத்தின் நிலையும் மாறுமா? மாறுமாயின் எவ்வளவு மாறும்? இவற்றை இங்கே ஆராய்வோம்.

அச்சம் உடலில் தோன்றும் வகை

உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இதற்கெனவே மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக அந்நூல் வகுக்கின்றது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் கூறுகின்றது. அவை தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என்பன. புலியைக் கண்டு நடுங்குவதும், அதிகாரம் உடையோரைக் கண்டு நடுங்குவதும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பது நோக்கத்தக்கது.

இன்றைய உடல்நூலும் இதற்கு அரண் செய்கின்றது. ஆபத்து வந்துவிட்டதாக மூளை கருதியவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. உள்ளங்கை வியர்க்கின்றது. வாய் உலர்கின்றது. தசைகள் முறுக்கேறுவதால் கைகால்கள் நடுங்குகின்றன. ஓடுவதற்கோ போரிடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தங்கள் இவை. சபையில் ஓடவும் வேண்டியதில்லை, போரிடவும் வேண்டியதில்லை. ஆயினும் உடல் அதனை அறியாது. நூறு கண்கள் தன்னை நோக்குவதையே அது ஆபத்தாகக் கொள்கின்றது.

அஞ்சிய உடல் தன்னைச் சிறிதாக்கிக்கொள்ள முயலும். தோள்கள் முன்னோக்கி வளையும், கழுத்து உள்ளிழுக்கும், கைகள் மார்பின் குறுக்கே மடியும். இவ்வாறு மார்புக்கூடு ஒடுங்கும்போது, மார்பிற்கும் வயிற்றிற்கும் இடையே உள்ள உதரவிதானம் என்னும் தசை நன்கு கீழிறங்க இடமில்லாமல் மூச்சு மேலோட்டமாக ஓடுகின்றது. மூச்சுக் குறைந்தால் குரல் குறையும். வாக்கியத்தின் கடைசிச் சொல் காற்றில் கரைந்துவிடும். "என்ன சொன்னீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்" என்று மேடையிலிருந்து ஒருவர் கேட்பார். அக்கேள்வி அச்சத்தை மேலும் வளர்க்கும். அச்சம் உடலைக் குறுக்க, குறுகிய உடல் அச்சத்தைப் பெருக்க, பேச வந்தவர் செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றுகின்றார்.

இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். "அஞ்சாதே" என்று மனத்திற்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. "தோளைத் தளர்த்து, தலையை நிமிர்த்து" என்று உடலுக்கு இடும் கட்டளையோ அக்கணமே நிறைவேறும். உடலின் நிலையில் தொடங்குவது எளிது என்று கூறுவதற்குக் காரணம் இதுவே.

ஆராய்ச்சிகள் கூறுவது யாது?

உடலின் நிலை உள்ளத்து உணர்ச்சியை உண்டாக்கும் என்னும் கருத்து புதியதன்று. அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884-ஆம் ஆண்டிலேயே இதனை எழுதினார். அஞ்சுவதால் நடுங்குகின்றோம் என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்க, உடல் நடுங்குவதை நாம் உணர்வதே அச்சம் என்று அவர் வாதித்தார்.

அண்மைக் காலத்தில் இக்கருத்து பெரிதும் பேசப்பட்டதற்கு ஒரு சோதனை காரணமாயிற்று. 2010-ஆம் ஆண்டில் டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் என்னும் மூவர் அமெரிக்காவில் அதனை வெளியிட்டனர். 42 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை உடலை அகல விரித்த நிலைகளிலும், மறு பிரிவினரை ஒடுங்கிய நிலைகளிலும் இரண்டு நிமிடம் இருக்கச் செய்தனர். உடலை விரித்து இருந்தோரிடம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு உயர்ந்தது என்றும், மன நெருக்கடியில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு குறைந்தது என்றும், துணிவு மிகுந்தது என்றும் அறிவித்தனர். 2012-ஆம் ஆண்டில் ஏமி கடி நிகழ்த்திய உரை உலகெங்கும் பரவியது. இரண்டு நிமிடம் மார்பை விரித்து நின்றால் வீரம் விளையும் என்று பலரும் நம்பத் தலைப்பட்டனர்.

அறிவியலில் ஒருவர் கண்டதை மற்றொருவர் மீண்டும் செய்து பார்த்த பின்னரே உண்மை உறுதிப்படும். ஈவா ரானேஹில் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 200 பேரைக் கொண்டு அச்சோதனையைத் திரும்பச் செய்து 2015-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சுரப்புகளில் மாற்றம் காணப்படவில்லை. துணிந்து செயலாற்றுவதிலும் வேறுபாடு தோன்றவில்லை. தம்மிடம் வலிமை கூடியதாக உணர்ந்தோம் என்று மட்டும் அவர்கள் கூறினர். முதற் சோதனையைச் செய்தவர்களுள் ஒருவராகிய கார்னி அம்மையாரே, அவ்விளைவு உண்மை என்று தாம் இனி நம்பவில்லை என்று 2016-ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். தம் பெயரால் புகழ்பெற்ற முடிவைத் தாமே கைவிட்ட அந்நேர்மை பாராட்டத்தக்கது. பல சோதனைகளைத் தொகுத்து 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வும் இதற்கு இணங்கவே உள்ளது. உடல்நிலை ஒருவர் தம்மைப் பற்றி உணரும் முறையை மாற்றுகின்றது. செயலை மாற்றுகின்றது என்பதற்குச் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. சுரப்புகளை மாற்றுகின்றது என்பதற்குச் சான்று இல்லை.

ஆகவே இரண்டு நிமிடத்தில் தைரியம் ஊட்டுவதாகக் கூறும் பயிற்சிகளுக்குப் பஞ்சாயத்துப் பணத்தைச் செலவிட வேண்டா. அதே சமயத்தில், எஞ்சி நிற்கும் உண்மையையும் எறிந்துவிட வேண்டா. நியூஸிலாந்து நாட்டில் 74 பேரைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. சிலரை நிமிர்ந்தும் சிலரைக் கூனியும் அமரச் செய்து, அந்நிலையிலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றுமாறு பணித்தனர். நிமிர்ந்திருந்தோரிடம் தன்மதிப்பு மிகுந்தும் அச்சம் குறைந்தும் காணப்பட்டன. கூனியிருந்தோர் பேச்சில் துயரச் சொற்களும் "நான்", "எனக்கு" என்னும் சொற்களும் மிகுந்திருந்தன. குறுகிய உடலில் எண்ணமும் தன்னையே சுற்றிக் குறுகுகின்றது என்று இதனைக் கொள்ளலாம்.

நீரும் விதையும்

இவ்வாராய்ச்சிகளுள் நமக்கு மிகவும் பயன்படத்தக்கது ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர் 71 பேரைக் கொண்டு நடந்த அச்சோதனை 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு வேலைக்குத் தம்மிடம் உள்ள தகுதிகளைச் சிலரும், தம்மிடம் உள்ள குறைகளைச் சிலரும் எழுத வேண்டும் என்று பணிக்கப்பட்டனர். பாதிப்பேர் நிமிர்ந்து அமர்ந்தும் பாதிப்பேர் வளைந்து அமர்ந்தும் எழுதினர். பின்னர்த் தம்மைத் தாமே மதிப்பிடுமாறு கேட்டபோது, நிமிர்ந்து அமர்ந்தோர் தாம் எழுதியதை உறுதியாக நம்பினர். தகுதிகளை எழுதியவர் தம்மை உயர்வாக மதித்தார். குறைகளை எழுதியவரோ, நிமிர்ந்து அமர்ந்திருந்தும், அக்குறைகளையே உறுதியாக நம்பினார். வளைந்து அமர்ந்தோரிடம், எழுதியதற்கும் தம்மைப் பற்றிய மதிப்பீட்டிற்கும் அவ்வளவு தொடர்பு காணப்படவில்லை.

உழவருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். நிமிர்வு என்பது நீர். எண்ணம் என்பது விதை. நெல் விதைத்த வயலில் நீர் பாய்ச்சினால் நெல் செழிக்கும். கோரை மண்டிய வயலில் பாய்ச்சினால் கோரைதான் செழிக்கும். சொல்ல வேண்டியதை நன்கு அறிந்து, அதற்கான கணக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு நிமிர்ந்த நிலை உறுதுணையாகும். ஒன்றும் அறியாமல் மார்பை மட்டும் விரித்து நிற்பவருக்கு அது வெறும் வீம்பாகவே முடியும்.

முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். பெருமிதம் தோன்றும் இடங்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கனுள் கல்வியையே முதலில் வைக்கின்றது. திருக்குறளில் அவையறிதல் 72-ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. அவையை அறிந்த பின்னரே அவைக்கு அஞ்சாமை வரும் என்று அவ்வரிசை நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இதற்குச் சிறந்த சான்று உண்டு. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891-இல் திரும்பிய அவர், பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற்காக எழுந்தார். தலை சுழன்றது, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் தோன்றவில்லை, அப்படியே அமர்ந்துவிட்டார். பெற்றிருந்த 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வழக்கை வேறொருவரிடம் ஒப்புவிக்கச் செய்தார். அவரே 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகர்களைக் கூட்டி, தம் வாழ்வின் முதற் பொதுச் சொற்பொழிவை ஆற்றினார். வணிகத்தில் வாய்மை என்பது பொருள். அதனைப் பற்றி முன்கூட்டியே நன்கு சிந்தித்து ஆயத்தமாகச் சென்றதாகத் தம் சத்திய சோதனையில் அவர் எழுதியிருக்கின்றார். இரண்டே ஆண்டுகளில் அவருடைய உடல் வேறாகிவிடவில்லை. சொல்ல வேண்டிய செய்தியும் அதனைச் சொல்லும் கடமையும் அவருக்குக் கிட்டிவிட்டன.

குனிவு இயற்கையாக வந்ததன்று

நம் ஊர்களில் சிலர் கைகட்டி வாய் பொத்தி நிற்பதைக் கண்டு, அது அவர்கள் சுபாவம் என்று கூறுவோர் உளர். அது தவறு. அது பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட நிலை. சில தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர் எதிர்ப்பட்டால் ஒதுங்கிக் குனிந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது கட்டுப்பாடுகள் சுமத்தப்பட்டிருந்தன. அடிமைத்தனத்தை ஏட்டில் எழுதுவதினும் முதுகில் எழுதுவது உறுதியானது என்பதை அன்றைய ஆதிக்கத்தினர் அறிந்திருந்தனர்.

ஆதலின் விடுதலைக்கான போராட்டங்களும் உடலிலிருந்தே தொடங்கின. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். அதனை ஏற்று 1859-இல் அரசாணை பிறந்தது. திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893-இல் தடைசெய்யப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றார். தந்தை பெரியார் 1925-இல் தொடங்கிய இயக்கத்திற்குச் சுயமரியாதை என்பதே பெயராயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

சட்டத்தில் ஒழிந்தது பழக்கத்தில் உடனே ஒழிந்துவிடுவதில்லை. 2020-ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சிக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தலைவி தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த புகைப்படம் வெளியாயிற்று. ஊராட்சிச் செயலர் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவாயிற்று. வாக்குகளைப் பெற்றுத் தலைமை ஏற்றவரையே தரையில் இருத்தும் பழக்கம் எஞ்சியிருக்குமானால், எளிய குடிமக்கள் அச்சபையில் எவ்வாறு நிமிர்ந்து பேசுவர்? அத்தகையோரை நோக்கி "தைரியமாக நில்" என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. அவர்களைக் குனிய வைத்த கையை முதலில் எடுக்க வேண்டும்.

பணிவு வேறு, அச்சம் வேறு

நிமிர்ந்து நிற்றல் என்றவுடன், பெரியோரை மதியாத செருக்கு என்று எவரும் எண்ணலாகாது. கைகூப்பி வணங்குவது பணிவு; அதில் முதுகு வளைய வேண்டியதில்லை. அகங்காரமும் நிமிர்வு ஆகாது. விரலை நீட்டி ஆட்டுதல், மேசையைத் தட்டுதல், காலை அகட்டிக்கொண்டு எதிர்வந்து நிற்றல் ஆகியவை கேட்போரைப் பகைவராக்கும். மேலே கூறிய 2010-ஆம் ஆண்டுச் சோதனையில் காலை மேசைமேல் தூக்கி வைத்துக்கொள்வதும் ஒரு நிலையாக இருந்தது. கிழக்காசிய நாட்டு மரபில் வளர்ந்தோருக்கு அந்நிலை வலிமை உணர்வைத் தரவில்லை என்று 2013-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. மரபு இழிவாகக் கருதும் நிலையில் மனம் அமைதி கொள்ளாது. நமக்கும் அது பொருந்தும்.

மற்றொன்றும் கூற வேண்டும். நாற்று நட்டும் களை பறித்தும் வளைந்த முதுகு உழைப்பின் அடையாளமே தவிர அச்சத்தின் அடையாளம் அன்று. முதுமையால் கூனியவரும், காலிழந்தவரும், அமர்ந்த இடத்திலிருந்தே பேசும் உரிமை உடையவர். அவர்கள் விஷயத்தில் நிமிர்வு என்பது முகத்தை உயர்த்திப் பார்ப்பதிலும், மூச்சை நிறைத்துப் பேசுவதிலும் உள்ளது.

பேச எழுவோருக்குச் சில யோசனைகள்

முதல் நாளே சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியங்களில் அடக்கிக்கொள்ளுங்கள். நான் இன்ன தெருவைச் சேர்ந்தவன், குறை இது, இது இத்தனை நாளாக உள்ளது, சபை இன்னது செய்ய வேண்டுகிறேன் என்பன அந்நான்கு. எடுத்துக்காட்டாக, "மேலத்தெருவில் 60 வீடுகள் உள்ளன, அடிபம்பு பழுதாகி மூன்று மாதம் ஆயிற்று, பழுது நீக்கவும், அதுவரை மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் நீர் விடவும் தீர்மானம் இயற்ற வேண்டும்" என்றால் போதும். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். அச்சம் பேசத் தொடங்கும் தறுவாயிலும் முதல் நிமிடத்திலுமே பெரிதும் மிகும்; பின்னர்ப் படிப்படியாகத் தணியும். அந்த முதல் நிமிடத்தைக் கடக்க மனப்பாடம் ஓடமாக உதவும்.

கணக்கையும் தேதிகளையும் ஒரு தடித்த அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் கையின் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும்; அட்டை காட்டாது.

முறை வருமுன், அமர்ந்திருக்கும்போதே மூச்சைச் சீர்செய்யுங்கள். மூன்று எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத்தின் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். இவ்வாறு ஐந்தாறு முறை செய்தால் போதும்.

எழுந்தவுடன் பேசத் தொடங்கிவிட வேண்டா. இரு பாதங்களையும் ஒரு சாண் அளவு இடைவிட்டு ஊன்றி, உடலின் பாரம் இரண்டிலும் சமமாக விழும்படி நில்லுங்கள். முழங்காலை விறைக்க வேண்டா. தோள்களைக் காதுவரை தூக்காமல் கீழே தளர விடுங்கள். நெற்சாக்கைத் தலையில் சுமந்து வரப்பில் நடப்பவர் எவ்வாறு கழுத்தை நேராக வைத்திருப்பாரோ, அவ்வாறு இருந்தால் போதும். ஒலிபெருக்கியை வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தொலைவில் பிடியுங்கள். கூட்டம் முழுவதையும் நோக்க இயலாதெனில், உங்களுக்கு வேண்டிய ஒருவரின் முகத்தை நோக்கி முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தைத் தலைவரை நோக்கிச் சொல்லுங்கள்.

கையும் குரலும் நடுங்கினால் கவலற்க. நம் நடுக்கம் நமக்குத் தெரியும் அளவுக்குப் பிறருக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளருக்கு இவ்வுண்மையை முன்கூட்டியே அறிவித்தபோது, அவர்கள் பேச்சு மற்றவர் பேச்சினும் சிறந்து விளங்கியது. மருந்தும் பயிற்சியும் இன்றி, ஒரு செய்தியை அறிந்ததாலேயே விளைந்த நன்மை இது. படிக்கும் நீங்களும் இப்போது அதனை அறிந்துவிட்டீர்கள்.

பேசி முடித்தவுடன் அமர்ந்துவிடாமல், "இது பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்" என்று கேட்டு, எழுதியதைப் படிக்கச் செய்து, பின்னர் அமருங்கள். சபையில் பேசுவதன் பயன் அதுவே.

நாள்தோறும் நெஞ்சு படபடத்து, வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, வீட்டை விட்டு வெளிவரவும் அஞ்சும் நிலை வந்தால், அது சபைக்கூச்சம் ஆகாது. மருத்துவம் வேண்டும் நோயாக இருத்தல் கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் காண்பதற்கு வெட்கப்படலாகாது.

சபையை நடத்துவோரின் கடமை

பேசுவோரின் உடல்நிலையைப் பற்றி இவ்வளவு கூறினோம். கேட்போரின் உடல்நிலையும் அத்துணை முக்கியமானது. ஓர் எளியவர் எழுந்து பேசும்போது, தலைவர் கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்தாலும், அதிகாரி எழுத்தரிடம் வேறு செய்தி பேசிக்கொண்டிருந்தாலும், "உன் பேச்சுக்கு மதிப்பில்லை" என்று வாய்திறவாமலே சொன்னதாகும். பேசுவோரை நோக்கித் திரும்பி, அவர் முடிக்கும்வரை முகம் பார்த்துக் கேட்பது தலைவருக்குச் செலவில்லாத பணி. அதனால் பேசுவோரின் குரல் உயர்வதை அவரே காணலாம்.

இருக்கைகளையும் கவனிக்க வேண்டும். மேடையில் சிலர் நாற்காலியிலும் கீழே பலர் தரையிலும் இருக்குமாறு அமைத்துவிட்டு, எல்லோரும் சமம் என்று கூறினால் உடல் அதனை நம்பாது. எல்லோருக்கும் நாற்காலி போட இயலாத ஊரில், எல்லோரும் விரிப்பில் அமரலாம். வரிசையாக அமர்வதினும் வட்டமாகவோ அரைவட்டமாகவோ அமர்வது நன்று. அப்போது ஒருவரும் கடைசி வரிசையினர் ஆவதில்லை.

தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த இட ஒதுக்கீடு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் பாதியாக உயர்ந்தது. அவ்வாறு தேர்வு பெற்ற அம்மையாருக்குப் பதிலாக அவர் கணவரோ மகனோ எழுந்து பேசுவது அச்சட்டத்தின் நோக்கத்தையே வீணாக்கும். அவர் தயங்கினால் தயங்கட்டும். சபை பொறுமையுடன் காத்திருக்கட்டும். இருமுறை காத்திருந்தால் மூன்றாம் முறை காத்திருக்க வேண்டிய தேவை இராது. தெருவாரியாக முறை வைத்து அழைப்பதும், இதுவரை பேசாதவருக்கு முதலில் வாய்ப்பளிப்பதும், ஒலிபெருக்கியைப் பெண்கள் அமர்ந்துள்ள இடத்திற்கே கொண்டு செல்வதும் நல்ல முறைகள்.

பள்ளியிலேயே இப்பழக்கம் தொடங்குதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு முறை வகுப்பின் முன் நின்று, தாம் கண்ட ஒரு செய்தியை இரண்டு நிமிடம் கூறும்படி ஆசிரியர் செய்யலாம். பதினெட்டு வயதில் அவர்கள் கிராம சபைக்கு வரும்போது சபை அவர்களுக்குப் புதிதாக இராது.

நிமிர்ந்து நிற்பதால் மட்டும் ஊரில் குழாய் வந்துவிடாது, சாலையும் வந்துவிடாது. ஆயினும் செய்தியை அறிந்த ஒருவர், கணக்கைக் கையில் ஏந்தி, பாதத்தை ஊன்றி, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில் பேசி, அது பதிவேட்டில் ஏறுமாயின், அந்தக் கோரிக்கையை எவரும் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. அடுத்து வரும் கிராம சபைக்கு நான்கு வாக்கியங்களோடும் ஓர் அட்டையோடும் வாருங்கள். பஞ்சாயத்து அங்கத்தினர்களோ, அன்று கூட்டம் தொடங்குமுன் நாற்காலிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யார் எங்கே அமர்கின்றார் என்பதை நோக்குங்கள். ஊர் மக்கள் எல்லோரும் முதுகு வளையாமல் அமரத்தக்க சபையில்தான் ஊரின் குறைகள் முழுவதும் வெளிவரும்; வெளிவந்த குறைதான் தீரும்.